கேள்வி கேட்க ஓர் ஆள்: கில்பர்ட் ஒயிட்டின் மடல் வாழ்க்கை

நியூஸ்லெட்டர் தொடங்கிய உற்சாகம் பலருக்கு ஐந்தாறு மடல்களில் வடிந்துவிடுகிறது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் நேரமில்லை, எழுத விஷயமில்லை, யாரும் படிப்பதாகத் தெரியவில்லை என்று மூன்றில் ஒரு பதில் வரும். முதல் இரண்டும் பெரும்பாலும் சாக்கு, மூன்றாவதுதான் உண்மையான வியாதி என்பது என் கட்சி. அதைச் சரிபார்க்க, மடல் எழுதுவது, நாலு பேரோடு பேசுவது, வெளியே நடப்பது ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு கால் நூற்றாண்டு தாக்குப்பிடித்த ஒருவரை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டு ஆள். அதில் ஒரு வசதி இருக்கிறது. கதை முழுதாக முடிந்துவிட்டது, காகிதங்கள் கையில் இருக்கின்றன, எது வேலை செய்தது, எது சொதப்பியது என்று நிதானமாகப் பார்க்கலாம்.

ஆளும் ஊரும்

கில்பர்ட் ஒயிட் 1720இல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் செல்போர்ன் என்ற கிராமத்தில் பிறந்தார். 1793இல் அதே கிராமத்தில் இறந்தார். தாத்தா அந்த ஊர்ப் பாதிரியார். பேரன் ஆக்ஸ்போர்டில் படித்து, ஓரியல் கல்லூரியில் ஃபெலோ, அதாவது வருமானம் பெறும் கல்லூரி உறுப்பினர், ஆனார். அந்தப் பதவியின் வருமானம் கடைசிவரை வந்துகொண்டிருந்தது. கல்யாணம் செய்துகொண்டால் பதவி போய்விடும் என்பது அன்றைய விதி, அவர் செய்துகொள்ளவில்லை. செல்போர்ன் தேவாலயத்தின் முழுப் பொறுப்பு வேறொரு கல்லூரியின் கையில் இருந்ததால் அது அவருக்குக் கிடைக்க வழியே இல்லை. வெளியூரில் நல்ல பதவிகள் தேடி வந்தபோதும் மறுத்துவிட்டு, பக்கத்து ஊரிலும் பிறகு சொந்த ஊரிலும் உதவிப் பாதிரியாராகவே காலத்தை ஓட்டினார். போதாததற்கு, கோச்சு வண்டியில் ஏறினால் அவருக்குக் குமட்டும்.

ஆக, ஊரை விட்டு நகராத, வேலைச்சுமை அதிகமில்லாத, சாப்பாட்டுக்குக் கவலையில்லாத மனிதர். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. அவருடைய வாழ்க்கையை அப்படியே நகலெடுக்க நம்மில் பலருக்கு வாய்க்காது. நான் பார்க்க நினைப்பது அந்த வசதிக்குள் நடந்த ஒரு மாற்றத்தை.

மாற்றம் என்ன என்று புரிய, அதற்கு முந்தைய நிலையைப் பார்க்க வேண்டும். 1751 முதல் ஒயிட் ஒரு தோட்டக் குறிப்பேடு வைத்திருந்தார். எந்தப் பாத்தியில் என்ன விதைத்தார், வெள்ளரிக்கும் முலாம்பழத்துக்கும் எருச்சூடு எப்படிக் கட்டினார் என்பதுதான் அதில் பெரும்பகுதி. 1753இல் தம்பி ஜானோடு சேர்ந்து, ஊரை ஒட்டிய செங்குத்தான சுண்ணாம்புக் குன்றில் வளைந்து வளைந்து ஏறும் ஒரு பாதை வெட்டினார். மேலே பீச் (beech) மரக்காடு. அந்தப் பாதை இன்றும் இருக்கிறது. 1766இல் ஒரு வருடம் செடிகள் எப்போது தளிர்க்கின்றன, எப்போது பூக்கின்றன என்று தனியாகக் குறித்துவைத்தார். நடை இருந்தது, கூர்மையான கண் இருந்தது, எழுதும் பழக்கம் பதினைந்து ஆண்டுகளாக இருந்தது. வெளியே போய் நடந்தால் படைப்பு தானாக ஊறும் என்று சொல்பவர்கள் இந்தப் பதினைந்து ஆண்டுகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அத்தனை நடையிலிருந்தும் கிடைத்தது ஒரு நல்ல தோட்டக்காரரின் குறிப்பேடு.

1767

ஒயிட்டின் இன்னொரு தம்பி பெஞ்சமின் லண்டன் ஃப்ளீட் தெருவில் புத்தகப் பதிப்பாளர். விலங்குகள், பறவைகள் பற்றி விரிவாக எழுதிவந்த தாமஸ் பென்னன்டின் புத்தகத்தை வெளியிட்டவர். அந்த வழியில் ஒயிட்டுக்கும் பென்னன்டுக்கும் தொடர்பு ஏற்பட்டது. 1767 ஆகஸ்ட் 4 தேதியிட்ட கடிதத்தில், இயற்கை பற்றிய அறிவில் நாட்டமுள்ள அண்டை அயலார் தனக்கு ஒருபோதும் வாய்க்கவில்லை, கூட ஓடிவர ஆளில்லாததால்தான் தன் முன்னேற்றம் இவ்வளவு மந்தம் என்கிற பொருளில் ஒயிட் எழுதுகிறார். அப்போது அவருக்கு வயது 47.

பென்னன்டுக்குத் தேவை தகவல். நாடெங்கும் பலரிடமிருந்து சேகரித்துத் தன் நூலில் சேர்ப்பவர். இன்ன பறவை உங்கள் பக்கம் உண்டா, எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று கேட்பவர். ஒயிட்டுக்கு அதுவரை கிடைக்காதது அந்தக் கேள்விதான்.

அந்தக் கேள்வி என்ன செய்தது என்பதற்கு 1768ஆம் ஆண்டே போதும். இங்கிலாந்தின் மரங்களில் மஞ்சளும் பச்சையும் கலந்த சின்னஞ்சிறு கதிர்க்குருவிகள் உண்டு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஏப்ரல் 18 கடிதத்தில் ஒயிட், இவற்றில் மூன்று வகை இருப்பதாகத் தான் நினைப்பதாகவும், இரண்டு நன்றாகத் தெரியும், மூன்றாவது இன்னும் கைக்கு வரவில்லை என்றும் எழுதுகிறார். கவனியுங்கள்: பாதி வேலைதான் முடிந்திருக்கிறது, அதை அப்படியே அனுப்பிவிட்டார். ஆகஸ்ட் 17 கடிதத்தில் விஷயம் முடிந்துவிடுகிறது. மூன்றும் மூன்று தனித்தனி வகை, ஒவ்வொன்றுக்கும் மாறாத தனிக் குரல், அளவிலும் மூன்று படிநிலை. பெரியது உயரமான பீச் மரங்களின் உச்சியில் மட்டும் திரிகிறது, வெட்டுக்கிளியின் ஓசை போன்ற ஒரு சீறலை விட்டுவிட்டு எழுப்புகிறது, எழுப்பும்போது சிறகு லேசாக நடுங்குகிறது. இன்றைக்கும் அந்தப் பறவையை அடையாளம் காண இந்த வரி போதும்.

ஏப்ரலுக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் நடந்தது நடைதான். அதே காடு, அதே பாதை, பல ஆண்டுகளாக ஏறி இறங்கிய அதே குன்று. ஆனால் இப்போது ஒரு முடிவுறாத வாக்கியம் தபாலில் போயிருக்கிறது, அதை முடிக்க வேண்டும். கண் போகும் திசையும் காது தேடும் ஒலியும் அதனால் மாறின. (இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று வகையின் உடல்களும் தன் முன்னால் கிடக்கின்றன என்று அதே கடிதத்தில் எழுதுகிறார். தொலைநோக்கி தொங்கும் இடத்தில் அன்று துப்பாக்கி தொங்கியது.)

அதற்குக் கொஞ்சம் முந்தைய கடிதங்களில் வரும் எலியும் அப்படித்தான். கதிர்த்தாள்களுக்கு நடுவே புல்லைப் பின்னிப் பந்துபோலக் கூடு கட்டும் மிகச் சிறிய எலி. இங்கிலாந்தில் அதை முதலில் விவரித்தவர் ஒயிட். அந்தக் கூட்டை மேசையில் வைத்து உருட்டிப் பார்க்கிறார், கலையவில்லை. உள்ளே கண் திறக்காத எட்டுக் குஞ்சுகள். பிறகு இரண்டு எலிகளைத் தராசில் வைக்கிறார். இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு செப்பு அரைப் பென்னி நாணயத்தின் எடை. இந்த அரைப் பென்னி தற்செயல் இல்லை. பென்னன்ட் தூரத்தில் இருக்கிறார், எலியை அவர் கையில் கொடுக்க முடியாது. அவர் சட்டைப்பையிலும் இருக்கக்கூடிய ஒரு பொருளைச் சொன்னால் எடை கைக்குத் தெரிந்துவிடும். எதிரில் ஒரு குறிப்பிட்ட வாசகர் இருக்கும்போதுதான் இப்படி ஓர் அளவுகோல் தோன்றும். தனக்கு மட்டும் எழுதும் குறிப்பேட்டில் ‘மிகச் சிறியது’ என்றே போதும்.

தபால் கட்டணம்

இன்று சந்தா கட்டிப் படிக்கும் மடல்களைப் பற்றிப் பேசும்போது அது ஏதோ புதிய ஏற்பாடு போலச் சொல்கிறார்கள். அன்றைய பிரிட்டனில் சாதாரணமாகக் கடிதத்துக்குக் காசு கொடுத்தவர் பெறுபவர்தான். தாளின் எண்ணிக்கைக்கும் தூரத்துக்கும் தக்கபடி கட்டணம். நாடாளுமன்ற உறுப்பினரின் கையெழுத்து கிடைத்தால் இலவசமாகப் போகும், அந்தச் சலுகையைப் பிடிக்க எல்லாரும் அலைந்தார்கள். அனுப்புபவர் முன்கட்டணம் செலுத்தும் பென்னி தபால் 1840இல்தான் வந்தது.

ஆக, வளவளவென்று எழுதினால் நண்பரின் பணப்பைக்குச் செலவு. ஒயிட்டின் பத்திகளில் இருக்கும் சிக்கனத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். நிரூபிக்க முடியாது. ஆனால் தனக்கு நேர்ந்த அலுப்பையும் சலிப்பையும் அவர் பென்னன்டுக்கு அதிகம் எழுதவில்லை என்பது கண்கூடு.

கட்டம் போட்ட தாள்

1769இல் இன்னொரு கடித நண்பர் சேர்ந்தார்: டெய்ன்ஸ் பாரிங்டன். தொழிலில் வழக்கறிஞர், நீதிபதி. ஆர்வம் எல்லாத் திசையிலும் உண்டு. சிறுவன் மோட்சார்ட் லண்டன் வந்தபோது நேரில் சோதித்துப் பார்த்து, லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு அறிக்கை எழுதியவர் இவர்தான். பறவைகளின் பாட்டையும் ஆராய்ந்தவர்.

கடிதம் தொடங்குவதற்கு முன்பே பாரிங்டன் உருவாக்கிய ஒரு பொருள் ஒயிட்டின் கைக்கு வந்துவிட்டது. அது அச்சிட்ட படிவம். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம், காற்றழுத்தம், வெப்பம், காற்றின் திசை, மழை, எந்த மரம் முதலில் துளிர்த்தது, எந்தப் பறவை வந்தது, எது மறைந்தது என்று கட்டங்கள், கடைசியில் பலவகைக் குறிப்புகளுக்கு ஓர் இடம். 1768 ஜனவரியில் நிரப்பத் தொடங்கிய ஒயிட், இறக்கும் மாதம் வரை, அதாவது 25 ஆண்டுகளுக்கு மேல், நிரப்பிக்கொண்டே இருந்தார். ஊரில் இல்லாத நாட்களில் அவருடைய பணியாளர் தாமஸ் ஹோர் மழையையும் குளிரையும் அளந்து வைத்தார்.

எழுத எதுவும் தோன்றாத நாளிலும் வெப்பமானியைப் படித்து ஓர் எண்ணை எழுதலாம். எண்ணை எழுத உட்கார்ந்தவர் பக்கத்துக் கட்டத்தையும் பார்ப்பார். அன்று எதுவுமே நடக்கவில்லை என்றால் கட்டம் காலியாக இருக்கும், அது குற்றமில்லை. தினமும் ஆயிரம் சொல் எழுது என்கிற அறிவுரையைவிட இது கனிவானது, நீடித்ததும்கூட. பின்னாளில் இதே கட்டங்களில் தம்பி தங்கைகளின் பிள்ளைகள் பிறந்த செய்தியும் அவர்களின் மொத்தக் கணக்கும் ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். கடைசியில் எண்ணிக்கை அறுபதைத் தாண்டியது.

ஊரில் பேச்சு

அயலார் யாருமில்லை என்று பென்னன்டிடம் அலுத்துக்கொண்டாரே தவிர, ஒயிட் தனிமையில் கிடந்தவர் அல்லர். வீட்டில் விருந்தினர் வந்தபடியே இருந்தார்கள். 1763 கோடையில் மூன்று இளம் சகோதரிகள் அந்த ஊருக்கு வந்து தங்கியிருந்தபோது, குன்றின் மேலிருந்த குடிலில் தம்பி ஹென்றி முனிவர் வேடம் போட்டு அவர்களை அசத்தினார். அதெல்லாம் பொழுதுபோக்கு. எழுத்துக்கு உதவிய பேச்சு வேறு வகை.

ஆந்தை விவகாரம் அதில் எனக்குப் பிடித்தது. ஒயிட்டின் நண்பர் ஒருவர், சுருதி பார்க்கும் சாதாரணக் குழல் ஒன்றை வைத்துக்கொண்டு, தன் பக்கத்து ஆந்தைகளில் பெரும்பாலானவை ‘பி ஃப்ளாட்’ சுருதியில் அலறுகின்றன என்று கண்டுபிடித்தார். காது நுட்பமான இன்னொரு அண்டை வீட்டுக்காரர் செல்போர்ன் ஆந்தைகள் மூன்று வெவ்வேறு சுருதிகளில் அலறுகின்றன என்றார். ஒயிட் இரண்டையும் பாரிங்டனுக்கு எழுதிவிட்டார். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. பறவைப் பாட்டில் ஆர்வமுள்ள ஒருவர் மறுமுனையில் இருப்பதால்தான் ஊர்க்காரர்களின் காதுக்கு இவ்வளவு மதிப்பு வந்தது. கடிதம் ஊர்ப்பேச்சின் தரத்தை உயர்த்தியது என்றே சொல்வேன். அயலாரின் நாட்டம் மாறிவிடவில்லை. அவர்களிடம் கேட்க ஒயிட்டிடம் இப்போது ஏதோ இருந்தது.

ஒயிட்டே ஒலிபெருக்கிக் குழலைத் தேன்கூட்டின் அருகே வைத்து உரக்கக் கத்திப் பார்த்தார். தேனீக்கள் சட்டை செய்யவில்லை. ஊரில் எதிரொலி எத்தனை அசை வரை திரும்பி வருகிறது என்று பார்க்க லத்தீன் கவிதை வரியைப் பள்ளத்தாக்கில் சொல்லிப் பார்த்தார். பத்து அசை திரும்பி வந்தது. ஊர்க்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

இன்னொரு வகைப் பேச்சு ஜான் மல்சோவுடையது. ஆக்ஸ்போர்டு நாளிலிருந்து நண்பர். பறவையும் தெரியாது, செடியும் தெரியாது. ஆனால் உன் எழுத்து உன்னையும் உன் ஊரையும் நிலைக்க வைக்கும் என்று பல ஆண்டுகள் நச்சரித்தவர். அவர் ஒயிட்டுக்கு எழுதியவை கிடைக்கின்றன, ஒயிட் அவருக்கு எழுதியவை கிடைக்கவில்லை. விஷயம் தெரிந்து கேள்வி கேட்பவர் ஒருவர், விஷயம் தெரியாமல் நம்பிக்கை கொடுப்பவர் ஒருவர். இரண்டு பேரும் வேறு வேறு ஆட்களாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

வாசகருக்காக வளைந்த இடம்

இனி இந்த ஏற்பாட்டின் கெட்ட பக்கம். தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பது அன்று பெரிய வழக்கு. கடல் கடந்து தெற்கே போகின்றன என்று ஒரு கட்சி. இங்கேயே பொந்துகளிலும் நீர்நிலைகளிலும் மரத்துப்போய்த் தூங்குகின்றன என்று இன்னொரு கட்சி. பாரிங்டன் வலசையை நம்பாதவர்.

ஒயிட்டின் தம்பி ஜான் அப்போது ஜிப்ரால்டரில் ராணுவப் பாதிரியார். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவிலுள்ள அந்த நீரிணையின் மேல் பறவைக் கூட்டங்கள் கடந்து போவதைக் கண்ணால் பார்த்து அண்ணனுக்கு எழுதியவர். அதாவது, நாட்டிலேயே மிகச் சிறந்த சாட்சி சொந்தக் குடும்பத்துக்குள் இருந்தது. ஆனாலும் ஒயிட் பாரிங்டனுக்கு எழுதும்போது, நீங்கள் வலசைக்கு ஆதரவானவர் இல்லை என்று தெரியும் என்று தொடங்கி, குறைந்தது சில குருவிகளாவது இங்கேயே தங்கிவிடுகின்றன என்று பாதி இறங்கிப் போகிறார். வெறும் மரியாதையோடு நிற்கவில்லை. 1781இல் ஆட்களை வைத்துக் குன்றின் புதர்களையும் பொந்துகளையும் ஆராய்ந்து பார்த்தார். ஒரு குருவிகூடச் சிக்கவில்லை. அப்படியும் அந்த எண்ணத்தைக் கடைசிவரை முழுதாகக் கைவிடவில்லை.

இதற்குப் பாரிங்டன் மட்டும் காரணம் என்று சொன்னால் நியாயமாகாது. நவம்பரில்கூடத் திடீரென்று ஓரிரு குருவிகளைப் பார்த்த அனுபவம் ஒயிட்டுக்கே உண்டு, அது அவரைக் குழப்பியது. ஆனால் வாசகர் ஒருவரே என்றாகும்போது அவருடைய பிடிவாதம் எழுதுபவரின் பார்வைக்குள் நுழைந்துவிடும் ஆபத்து நிஜம். இன்று ஒரு மடலுக்கு உற்சாகமாகப் பதில் எழுதும் நாலைந்து பேரின் ரசனைப்படி அடுத்த மடல்கள் மெதுவாகத் திரும்பிவிடுவதும் இதே வியாதிதான். ஒயிட்டை ஓரளவு காப்பாற்றியது, பென்னன்ட், பாரிங்டன், தம்பி ஜான் என்று ஒத்துப்போகாத மூன்று முனைகள் இருந்தது. ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்கு அப்படியே எழுத முடியாது.

வெளியே

ஒயிட் தூரம் நடந்தவர் என்பதைவிட, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றவர் என்பதே சரி. வயலில் கத்தும் சில்வண்டை அவர் ஆராய்ந்த விதம் ஓர் உதாரணம். வளைக்குள் இருக்கும் பூச்சியை மண்வெட்டியால் தோண்டி எடுக்கப் போனால் பெரும்பாலும் நசுங்கிவிடுகிறது. அதனால் வளைந்துகொடுக்கும் ஒரு புல்தண்டை மெதுவாக உள்ளே செலுத்துகிறார். தண்டு வளையின் வளைவுகளோடு வளைந்து அடிவரை போகிறது. பூச்சி தானாக வெளியே வந்துவிடுகிறது. சேதமில்லாமல் ஆவலைத் தீர்த்துக்கொள்ள வழி கிடைத்துவிட்டது. மண்வெட்டியிலிருந்து புல்தண்டுக்கு வர, அவசரமில்லாத ஒரு மாலை தேவை.

வீட்டு இறவாரத்தில் மண்கூடு கட்டும் தகைவிலான் இனக் குருவியைப் பற்றி அவர் கவனித்ததும் அப்படித்தான். அது காலையில் மட்டும் கட்டுகிறது, மீதி நாளை இரைக்கும் விளையாட்டுக்கும் விட்டுவிடுகிறது. ஒரு நாளுக்கு அரை அங்குலம் ஏற்றினால் போதும், அதற்கு மேல் போனால் ஈர மண் தன் கனத்திலேயே சரிந்துவிடும். இதைப் படைப்பாளிகளுக்கான உபதேசமாக மாற்றும் ஆசையை அடக்கிக்கொள்கிறேன். ஒயிட்டும் மாற்றவில்லை. இந்தக் குருவிகள் பற்றிப் பாரிங்டனுக்கு எழுதிய கடிதங்கள் 1774, 1775 ஆண்டுகளில் ராயல் சொசைட்டியில் கட்டுரைகளாக வாசிக்கப்பட்டன.

1777 மே மாதக் கடிதம் ஒன்றில் மண்புழுவைப் பற்றிச் சொல்கிறார். அற்பமாகத் தெரியும் இந்தப் பிராணி மண்ணைத் துளைத்து, இளக்கி, மழைநீர் இறங்க வழி செய்கிறது, இலைத் தண்டுகளை உள்ளே இழுக்கிறது, இது இல்லாமல் போனால் பெரிய பள்ளம் விழும் என்கிறார். அப்புறம், ஆர்வமுள்ளவர்கள் யாராவது இதைத் தொடரட்டும் என்று குறிப்புக் கொடுத்துவிட்டு நகர்கிறார். தொடர்ந்தவர் சார்லஸ் டார்வின். சிறுவயதில் ஒயிட்டைப் படித்துப் பறவை பார்க்கத் தொடங்கியவர், 1857இல் செல்போர்னுக்கே போய்ப் பார்த்தவர், 1881இல் மண்புழுக்கள் பற்றித் தனி நூலே எழுதினார். டார்வினும் வீட்டை விட்டு அதிகம் நகராமல், தோட்டத்து ஓரப் பாதையில் தினமும் சுற்று நடந்து, ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதி வாழ்ந்த ஆள்தான்.

புத்தகம் வந்த கதை

மடலிலிருந்து புத்தகத்துக்குப் போவதுதான் ஒயிட்டுக்குச் சிரமமாக இருந்தது. 1770இலேயே பாரிங்டன் யோசனை சொல்லிவிட்டார். துணையில்லாமல் தனியாக, தன் கண்ணால் கண்டதை மட்டும் வைத்து ஓர் இயற்கை வரலாறு எழுதுவது சின்ன வேலையா என்று ஒயிட் பதில் போட்டார். 1776இல் கிரிம் என்ற ஓவியரை வரவழைத்து நாலு வாரம் தங்கவைத்துப் படங்கள் வரைய வைத்தார். அப்போதும் புத்தகம் வரவில்லை. ஊரின் பழைய மடாலய வரலாற்றையும் சேர்க்கலாம் என்று ஆவணங்களுக்குள் இறங்கினார், ஆண்டுகள் போயின. கடைசியில் சொல்லடைவு தயாரிக்கும் வேலை, கிழிந்த காலுறை தைப்பதைப் போலவே சுவாரசியமானது என்று அலுத்துக்கொண்டார். 1788 இறுதியில், 1789 என்று தேதியிட்டு, தம்பி பெஞ்சமினின் பதிப்பாக வெளிவந்தது. யோசனைக்கும் புத்தகத்துக்கும் நடுவே 18 ஆண்டுகள்.

ஒரே ஆளுக்கு என்றால் உடனே எழுதுகிறார், பொதுமக்களுக்கு என்றால் கை ஓடவில்லை. அவர் கண்டுபிடித்த தீர்வு, பொதுமக்களுக்கு எழுதாமலிருப்பது. புத்தகம் முழுவதும் கடிதங்களாகவே இருக்கிறது. பென்னன்டுக்கு 44, பாரிங்டனுக்கு 66. இதில் பென்னன்டுக்கு எழுதியதாக உள்ள முதல் ஒன்பதும் தபாலில் போகவே இல்லை. ஊரை அறிமுகம் செய்யப் புத்தகத்துக்காகவே எழுதியவை. முன்னுரை எழுத வேண்டிய இடத்திலும் அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது.

புத்தகம் வெளிவந்தபின் நார்ஃபோக் பகுதியிலிருந்து ராபர்ட் மார்ஷம் என்பவர் கடிதம் எழுதினார். 1736 முதல் வசந்தத்தின் அறிகுறிகளைத் தேதிவாரியாகக் குறித்துவந்தவர். எழுபதை எட்டிய ஒயிட், எண்பதைத் தாண்டிய மார்ஷம். உங்களை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருக்கக் கூடாதா என்று ஆதங்கப்பட்டு எழுதினார் ஒயிட். இறக்கும் மாதம் வரை இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

இன்று மடல் எழுதுபவருக்கு

சந்தாதாரர் எண்ணிக்கை ஒயிட்டின் விஷயத்தில் ஒன்று, பிறகு இரண்டு. அதற்காக இருக்கும் சந்தாதாரர்களை விரட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு மடலும் அவர்களில் பெயர் சொல்லக்கூடிய ஒருவர் கேட்ட, அல்லது கேட்கக்கூடிய, ஒரு கேள்விக்குப் பதிலாக இருந்தால் ஒரே ஆளுக்கு எழுதுவது நடந்துவிடுகிறது என்பதே என் வாசிப்பு. பாதி தெரிந்ததைப் பாதி தெரிந்ததாகவே அனுப்பலாம் என்பது இன்னும் பயனுள்ளது. மூன்றாவது கதிர்க்குருவி இன்னும் கைக்கு வரவில்லை என்ற வரிதான் அடுத்த நான்கு மாதத்தை ஓட்டியது. எல்லாவற்றையும் முடித்து மெருகேற்றி அனுப்புகிறவர்களிடம் அடுத்த நாள் நடக்கப் போக ஒரு காரணமும் மிச்சமிருப்பதில்லை.

எது பொருந்தாது? பணம். ஒயிட்டுக்குக் கல்லூரி வருமானம் இருந்தது, வீட்டு வேலைக்கு ஆள் இருந்தது. மடல்தான் அவர் அடுப்பை எரிக்க வேண்டும் என்ற நிலை வந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று இந்த உதாரணம் சொல்லாது. மடல் வருமானத்தில் வாழ நினைப்பவர் வேறொரு உதாரணத்தைத் தேட வேண்டும்.

வேகமும் பொருந்தாது. புத்தகத்திலுள்ள 110 கடிதங்களில் தபாலில் போகாத ஒன்பதைக் கழித்து, 1767 முதல் 1787 வரையிலான 20 ஆண்டுகளில் பரப்பினால் ஆண்டுக்கு ஐந்துதான் தேறும். தினமும் எழுதியது கட்டம் போட்ட தாளில். அனுப்பியது, கட்டங்களிலிருந்து ஏதோ ஒன்று திரண்டு வந்தபோது மட்டும். வாராவாரம் மடல் போட வேண்டும் என்று தளங்கள் சொல்லும் விதிக்கு இவரிடமிருந்து எந்த ஆதரவும் கிடைக்காது. தினசரிக் குறிப்பு ஒரு வேகத்தில், மடல் வேறொரு வேகத்தில் என்று பிரித்து வைத்தால் இரண்டும் நிற்காமல் ஓடும் என்பதற்கு மட்டும் 25 ஆண்டுச் சாட்சி இருக்கிறது.